இரண்டே முக்கால் விநாடி

விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.
அட்டகோரா மட்டும் சளைக்கவில்லை.
இரண்டு ஃபிளாஷ் விளக்கையும் தூக்கி மேசைமேல் வைத்தான்.
அறுநூறு வாட், பேட்டரி உள்ளேயே இருக்கிறது.
நானூறு வாட், நீளமான வாலும் பிளக்குமாய்,
வயிற்றில் ஒரு கீறலோடு.

குமாசியில் பகல் பதினொன்று.
அடூம் கடைவீதி முழுக்க ஹாரன்.
செலாசி கைப்பேசியில் கணக்குப் போடுகிறாள்:
அறை வாடகை,
பின்திரை தைத்தவளுக்குப் பாக்கி,
ஜூலையில் பட்டமளிப்பு,
சனிக்கிழமைதோறும் யாருடையதாவது கல்யாணம், யாருடையதாவது சாவு.
"கரண்ட் போனால்?" என்று கேட்டேன்.
"போகும்," என்றாள், தலை நிமிராமல்.
இந்த ஊரில் அதற்கு ஒரே சொல்தான், டும்சோர்:
அணை, ஏற்று.
மணப்பெண்கள் சிரித்த வாய் சிரித்தபடி
இருட்டில் உட்கார்ந்திருந்ததுண்டு
என் ஸ்டூடியோவில்.

நான் முதலில் கேட்டது வாட் இல்லை.
"பெரிய சாஃப்ட்பாக்ஸ் மாட்ட முடியுமா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ்.
கேமரா தலையில் குந்தியிருக்கும் குட்டி ஃபிளாஷில்தான்
அவளை எடுத்தேன்.
நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டாய் ஒரு வெள்ளை,
கன்னம் இரண்டும் கரிக்குள்ளே.
"என் நிறம் படத்துக்கு ஆகாது," என்றாள்,
பணத்தை வைத்துவிட்டுப் படத்தை வைத்துவிட்டுப் போனாள்.
ஆகாதது நிறமில்லை என்று
படியிறங்கி ஓடிச் சொல்லியிருக்கலாம்.
எனக்கே அப்போது தெரியாது.
கறுப்பு வெளிச்சத்தைத் தின்பதில்லை, அம்மா.
கொடுத்ததைத் திருப்பித் தருகிறது.
நான் கொடுத்தது
ஒரு புள்ளி.

"ரெண்டிலும் மாட்டலாம்," என்றான் அட்டகோரா.
அப்படியானால் ஒரு முகம் வேண்டும்.
லாரியிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அலிடுவை
ஸ்டூலில் உட்கார வைத்தோம்.

அறுநூறு, சொன்ன சொல் தவறாது.
வெட்டி முடிந்து விநாடிகூட ஆகவில்லை, மறுபடி தயார்.
பளிச். பளிச். பளிச்.
அலிடுவோ என் விரல் அசையுமுன்னே கண்ணை மூடுகிறான்.
எட்டுப் படம்.
எட்டிலும் அடுத்த அடிக்குப் பல்லைக் கடித்துக் காத்திருக்கும் ஒருவன்.

கீறல் விழுந்தது சோம்பேறி.
ஒரு தடவை வெட்டியதும் மூச்சு வாங்குகிறது,
மூச்சு வாங்கும்வரை நடுவிலிருக்கும் மஞ்சள் பல்பையும் அணைத்துக்கொள்கிறது.
தயாரானால் ஒரு 'கீ'.
சத்தம் கேட்டதும் அலிடு முகத்தை இறுக்கிக்கொண்டான்.

பின்பக்கம் ஒரு பொத்தான். சத்தத்தை நிறுத்தினேன்.
கேமராவை ஸ்டாண்டில் விட்டு
ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
பளிச்.
பல்பு அணைந்தது.
"அவ்வளவுதானா? செத்துப்போச்சா?" என்று கேட்டவன்
வாசல் பக்கம் திரும்பினான், லாரியைப் பார்க்க.
தோள் இறங்கியது. உதடு எதையோ எண்ணியது.
நானும் எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, அப்புறம் முக்கால்.

பளிச்.

மேலுதட்டு வியர்வை வியர்வையாகவே இருந்தது.
கழுத்திலிருந்து காதுவரை நிறம் ஓரிடத்தில் சிவப்பு,
ஓரிடத்தில் நீலம்,
நாவல் பழத்தைத் துடைத்துப் பார்த்தால் தெரியுமே, அதுபோல.
எங்கும் சுண்ணாம்பு இல்லை.
கண் திறந்திருந்தது.

அலிடு கேமராவுக்குள் எட்டிப் பார்த்தான்.
"இதை எப்போ எடுத்தே?"
"விளக்கு செத்திருந்தப்போ."
நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான்.
அப்புறம், பெட்டி பதினொன்று பாக்கி என்று போய்விட்டான்.

"கீறல் இருக்கிறதே, குறைத்துக்கொள்," என்று பேரத்தை ஆரம்பித்தேன்.
செலாசி இப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.
"பிளக் வைத்தது. கரண்ட் போனால்?"
"போகும்," என்றேன்.

ட்ரோட்ரோவில் மடிமேல் வைத்திருந்தேன்.
வால் அவிழ்ந்து பக்கத்தில் இருந்தவர் செருப்பில் சுற்றிக்கொண்டது.
இதற்கும் ஒரு டிக்கெட் எடு என்றான் கண்டக்டர் பையன்.
சண்டை போடவில்லை, எடுத்தேன்.
அந்த நர்ஸின் பெயரை எங்கே எழுதி வைத்தேன்
என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.